முன்னால் பயப்படுகிறவன்

அறுவடை மெஷின் ஓட்டுகிறவனுக்கு மேலே வானம், கீழே சேறு. இரண்டில் எதையும் நம்பி ஒருநாள்கூட நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது.

நான் இந்த வேலையை யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன், நெல் அறுக்கும் வண்டிகள் நன்னிலம் பக்கம் வரத் தொடங்கியபோது, ஓட்டுகிறவர்களின் கையையும் காலையும் பார்த்துப் பார்த்து ஒருநாள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பிறகு பக்கிரிசாமி என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவரிடம் இரண்டு பெல்ட் வண்டிகள் இருந்தன. டயருக்குப் பதில் அகலமான ரப்பர் பட்டை மாட்டியவை. ஈர வயலிலும் இறங்கும். ஒன்றை நான் ஓட்டினேன். மற்றதைக் குமரேசன் ஓட்டினான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். விவசாயிகள் போன் செய்தால், "குமரேசன் வண்டி எப்ப வரும்?" என்பார்கள். என் வண்டியைக் கேட்பவர்கள், "ஏதாவது ஒரு வண்டி இருக்கா?" என்பார்கள்.

ஒரு வருஷம் குறுவை அறுப்பு தொடங்கும் நேரத்தில் பக்கிரிசாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஊருக்கு ஊர் வண்டிகள் வந்துவிட்டன, இரண்டு வண்டிக்கு வேலை இல்லை என்றார். அப்போது என் மகள் தஞ்சாவூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. இந்த இடத்தை விட்டால் வேறு யாரும் என்னை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். வேலை செய்யும் இடத்தில் நம்மைவிட ஒரு படி மேலே ஒருவன் இருந்து, அவனோடு ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு, அன்று என் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கிரிசாமி சொன்னது இதுதான்: "மாசிக்குள்ள ஒரு வண்டிய வித்துடுவேன். அப்புறம் ஒரு வண்டி, ஒரு டிரைவரு. யாருன்னு நான் இப்பச் சொல்ல மாட்டேன், வேலையே சொல்லட்டும்."

அஞ்சலையின் தேர்வு

மெஷின் அறுத்த வயலில் பின்னாலேயே சில பெண்கள் வருவார்கள். சிதறிய கதிரையும் தாளோடு தப்பிய கதிரையும் பொறுக்கிக்கொண்டு போவார்கள். யாரும் தடுப்பதில்லை. எங்கள் பக்கம் அந்தக் கூட்டத்துக்கு அஞ்சலை என்பவள் தலைவி மாதிரி. கையால் அறுத்த காலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்தவள். மெஷின் வந்த பிறகு அந்த வேலை போய், சாக்குப் பையோடு வரப்பில் நிற்கிறவளாக ஆகியிருந்தாள். குரல் மட்டும் பழைய குரல்தான்.

அந்தக் குறுவையில் ஒருநாள் எங்கள் இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்த வயல்களில் இறங்கின. அஞ்சலை வரப்பில் நின்று இரண்டையும் பார்த்தாள். பிறகு கையை வீசித் தன் கூட்டத்தை முழுதாக என் வயலுக்குத் திருப்பினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மதியம் வண்டியை நிறுத்தியபோது, "அங்க ஒருத்தரும் போகலையா?" என்று கேட்டேன். அவள் சாக்கைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டே சொன்னாள்: "குமரேசன் அறுத்த வயல்ல என்னண்ணே கெடக்கு, குருவிக்கே பத்தாது. உங்க பின்னாடி வந்தாத்தான் எங்களுக்கு ஒரு மரக்கா நெல்லு தேறுது."

செருப்பு

அன்றிலிருந்து குமரேசனை வேவு பார்க்க ஆரம்பித்தேன். வேறு சொல் போட்டு மறைப்பானேன். என் வண்டி நின்ற நேரமெல்லாம் என் கண் அவன்மேல்தான்.

முதலில் கண்ணில் பட்டது அவன் செருப்பு. எந்த வயலுக்குப் போனாலும் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்குவான். செருப்பைக் கழற்றி வரப்பில் விடுவான். வெறுங்காலோடு வயலுக்குள் போய், நாலு மூலையும் நடுவும் மிதித்துவிட்டு வருவான். எனக்குத் தெரிந்து அவனுக்குப் பாம்பு என்றால் உயிர் போகும். டீக்கடையில் யாராவது பாம்புக் கதை சொன்னாலே டம்ளரோடு எழுந்து வெளியே போய்விடுவான். ஆகவே வண்டிச் சத்தத்துக்கு முன்னால் பாம்பை விரட்டப் போகிறான் என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

கிழக்கே மேகம் கறுத்து நின்ற ஒரு நாளில்கூட அவன் அப்படியே செய்தான். வயல்காரர் ஒரு பெரியவர். அவருக்குப் பதற்றம் தாங்கவில்லை. வரப்பில் முன்னும் பின்னும் ஓடினார். குமரேசன் ஒரு மூலையில் நின்று காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "யோவ், அவனைப் பொண்ணு பாக்க வரச்சொல்லல, நெல்லறுக்க வரச்சொன்னேன்!"

இழுத்துக் கொடுத்தது

அடுத்த வாரமே அதற்குப் பதில் கிடைத்தது, எனக்குத்தான் கிடைத்தது. நாள் முழுக்கத் தூறல். இடையில் ஒரு வெளிச்சம் விட்டது. அதற்குள் ஒரு வயலை முடித்துவிட்டால் பக்கிரிசாமி காதுக்குப் போகும் என்று கணக்குப் போட்டேன். "தண்ணிய வடிச்சாச்சா?" என்று வரப்பிலிருந்தே கேட்டேன். "வடிச்சாச்சு" என்றார்கள். சாலைக்குப் பக்கத்து மூலை இறங்க வசதியாக இருந்தது, அதிலேயே இறக்கினேன்.

எங்கள் தொழிலில் பாதிப்பேர் செய்கிற தவறு இது. வடிகிற தண்ணீர் கடைசியாகக் கூடிப் போகும் மூலைதான் பெரும்பாலும் சாலையோர வடிகாலைப் பார்த்திருக்கும். வயல் முழுக்கக் காய்ந்தாலும் அந்த மூலை காயாது. வண்டி தன் நீளத்துக்கு உள்ளே போனதும் இடது பெல்ட் மெதுவாக இறங்கியது. நான் பின்னால் எடுக்கப் பார்த்தேன். இன்னும் இறங்கியது. வண்டியின் வயிறு சேற்றில் பட்டபோது உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு என் வயிறே பட்டது போலிருந்தது. மறுபடி தூறல் வந்துவிட்டது. வயல்காரரின் குடும்பமே வரப்பில் வரிசையாக நின்று, நெல்லைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றது.

வெளியே எடுக்கக் குமரேசனின் வண்டிதான் வந்தது. இரும்பு வடத்தைக் கட்டி, இழுக்குமுன் அவன் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினான். தன் வண்டி நிற்கப்போகும் இடத்தை மிதித்துப் பார்த்தான். பாம்பு நினைப்பு எனக்கு அப்போதுதான் போனது. இழுத்து முடித்ததும் அவன் என்னைக் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. வடத்தைச் சுற்றிக்கொண்டே, சேறு படிந்த என் காலைப் பார்த்து, "செருப்போட எறங்கினீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

என் கையெழுத்து

மார்கழியில் எங்களுக்கு வேலை குறைவு. சம்பாக் கதிர் அப்போதுதான் வெளியே வந்து நிற்கும். வண்டியைக் கழுவி கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி போன் செய்தார். முந்தின வருஷம் அவர் வயலை நான்தான் அறுத்தேன். அந்த நெல்லில் ஒரு பகுதியை விதைக்கு வைத்திருந்தார். வந்து பார்க்கச் சொன்னார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது; அதனாலேயே பயமாக இருந்தது.

ஒரு ரகம் அறுத்த வண்டியின் தொட்டியிலும் மூலைமுடுக்கிலும் நெல் தங்கும். அடுத்த வயல் வேறு ரகமாக இருந்தால் அது இதோடு கலந்துவிடும். குமரேசன் வயலுக்கு வயல் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தொட்டிக்குள் இறங்கித் துடைப்பத்தால் கூட்டுவான். பிறகு கொஞ்ச நேரம் வண்டியைச் சும்மா ஓடவிட்டு, விழுகிற நெல்லைத் தனியே பிடிப்பான். யாரும் கேட்காமல் செய்வான். நான் யாராவது கேட்டால் செய்வேன். இவர் கேட்டிருக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். குட்டையான ரகம் வயல் முழுக்கச் சமமாக நின்றது. அதற்குமேலே அங்கங்கே ஒரு முழம் உயர்ந்து வேறொரு நெல் தலையாட்டிக்கொண்டிருந்தது. அது இவர் வயலுக்கு முன்னால் நான் அறுத்த வேறொருவரின் நெல். அவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா, போன வருஷம் நீங்க போட்ட கையெழுத்து இந்த வருஷமும் அழியாம நிக்குது."

பனி

தை பிறந்ததும் சம்பா அறுப்பு. இனி ஒரே ஒரு பருவம்தான், அதற்குள் குமரேசனை முந்த வேண்டும். வெறும் உழைப்பால் முந்திவிடலாம் என்று நினைத்தேன். சூரியன் தென்னை மரத்தைத் தாண்டுமுன்பே வண்டியைக் கிளப்பினேன். அவன் இன்னும் ஓரமாக உட்கார்ந்து ரேடியேட்டரில் ஒட்டிய நெல் சுணைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். நடுநடுவே எழுந்துபோய் ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்ப்பான். மறுபடி வந்து உட்காருவான். அவனைச் சோம்பேறி என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று எனக்கு ஆசையாக இருந்தது.

பனி காயாத தாளில் நெல் சரியாகப் பிரியாது. வைக்கோலோடு பின்னால் போய்விடும். எனக்கு அது தெரியாமல் இல்லை. அவசரத்தில் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடும்; உங்களுக்கும் ஆகியிருக்கும். முன்னால் மட்டுமே பார்த்து வேகமாக அறுத்துக்கொண்டு போனேன். வயல்காரரின் மனைவி பின்னாலேயே நடந்துவந்து, ஒரு பிடி வைக்கோலை எடுத்து உதறினார். நெல் பொலபொலவென்று கொட்டியது. அந்த அம்மா சத்தம் போடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "எங்க மாட்டுக்கு வெறும் வைக்கோலே போதும் தம்பி. நெல்லு போட்டு வளக்குற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்ல."

மலர்க்கொடி

அந்த நாட்களில் வீட்டுக்குப் போனதும் நான் செய்வது ஒன்றுதான். மலர்க்கொடி அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். வாசற்படியில் உட்கார்ந்து, பகலில் நடந்ததையெல்லாம் என் மனைவியிடம் கொட்டுவேன். இன்றைக்குக் குமரேசன் எத்தனை வயல் முடித்தான், யார் அவனுக்குப் போன் செய்தார்கள், பக்கிரிசாமி அவனிடம் சிரித்துப் பேசினாரா. வேலை போய்விட்டால் மகள் படிப்பு என்னாகும் என்பதில் முடிப்பேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டாள். என் பயம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, எனக்குச் சோறு போடுவாள். நான் தூங்கிவிடுவேன். அவள் தூங்கினாளா என்று நான் பார்த்ததில்லை.

பனியில் அறுத்த அன்றைக்கும் அப்படித்தான் கொட்டினேன். அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். அவன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் விடாமல் சொன்னேன். மலர்க்கொடி கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் ஒன்றுமில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலத்தான் கேட்டாள்: "அவரு வயலப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, நீங்க அவரப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. அப்ப உங்க வயல யாருதான் பாத்தா?"

காலி வண்டி

அதற்குப் பிறகும் நான் அவனைப் பார்த்தேன். ஆனால் அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்தேன். காற்றில் சாய்ந்த பயிரை அவன் சுற்றிச் சுற்றி அறுப்பதில்லை. பயிர் எந்தப் பக்கம் தலை சாய்த்திருக்கிறதோ அதற்கு எதிரில் நின்று அறுத்துக்கொண்டு போவான். முடிந்ததும் காலி வண்டியாகத் திரும்பி வந்து, மறுபடி அதே பக்கத்திலிருந்து தொடங்குவான். முதல் நடை முடிந்ததும் வண்டியிலிருந்து இறங்கிவிடுவான். பின்னால் போய், தரையில் எவ்வளவு கதிர் தங்கியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பான். திரும்பிப் பார்க்கிற டிரைவரை நான் அதுவரை கண்டதில்லை, நானும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் என்ன தெரியுமோ என்ற பயம்தான்.

ஒரு சாய்ந்த வயலில் நானும் அப்படிச் செய்து பார்த்தேன். வண்டிக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. ஆகவே வயல்காரரின் மைத்துனர் கையில் போனைப் பிடித்து நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். நான் இரண்டாம் முறை காலியாகத் திரும்பியபோது அவருக்குப் பொறுக்கவில்லை. குமரேசனிடம் இதைக் கேட்க ஒருவருக்கும் தைரியம் வராது, என்னிடம் வரும். ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்றாம் நடையில் அவர் வண்டிக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டார்: "அண்ணே, நெல்லறுக்கத்தான் மணிக் கணக்கு. வயலச் சுத்திப் பாக்கணும்னா சைக்கிள் தர்றேன், எடுத்துக்கிட்டுப் போங்க!"

டீக்கடையில்

ஒருநாள் குமரேசனிடமே கேட்டுவிட்டேன். நன்னிலத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. வெயிலில் வயல் சரியாகக் காயட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தோம். "ஒனக்கு எப்படிடா இவ்வளவு தைரியம்?" என்றேன். அவன் டீயை ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"தைரியமா? எனக்காண்ணே? ஒவ்வொரு வயலப் பாத்தாலும் வயித்தக் கலக்கும். இங்க எதோ புதைஞ்சு கெடக்கு, அங்க கரண்ட் கம்பத்து ஸ்டே கம்பி தாழ்ந்து கெடக்கு, உள்ள போனா உளைச் சேறுதான்னு தோணிக்கிட்டே இருக்கும். அந்தக் கலக்கம் அடங்குற வரைக்கும் நடப்பேன். அடங்கினாத்தான் ஏறுவேன். நான் பயந்த எடத்துல பாதி எடத்துல ஒண்ணுமே இருக்காது. அதனாலதான் எம்பொண்டாட்டி என்னைப் பயந்தாங்கொள்ளிங்கிறா" என்றான். எனக்கும் தினமும் வயிறு கலங்குகிறதே என்றேன். எப்போது என்று கேட்டான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்: "அறுத்து முடிச்ச வயலுக்குப் பயந்து என்னண்ணே பண்ணப்போறீங்க? அறுத்தத மறுபடி ஒட்டவா வைக்க முடியும்?"

வசந்தாவின் வயல்

மாசி பிறந்துவிட்டது. பக்கிரிசாமி என் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டார். திருப்பனந்தாளிலிருந்து ஒருவர் வந்து, வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. விற்கப்போவது என் வண்டி என்றால் போகப்போவது நான் என்று அர்த்தம். அன்றைக்கு அனுப்பிய வயல் வசந்தாவுடையது. அவள் கணவன் சிங்கப்பூரில் வேலை செய்தான். குத்தகை வயலை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷ நெல் முழுவதும் அந்த ஒரே இடத்தில் பழுத்து நின்றது. அந்தப் பருவத்தில் வரக்கூடாத மேகம் கிழக்கே வந்து நின்றது. பக்கிரிசாமியும் திருப்பனந்தாள்காரரும் சாலையில் பைக்கோடு நின்றார்கள். அஞ்சலையும் அவள் கூட்டமும் வழக்கம்போல எனக்காகக் காத்திருந்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றினேன். பக்கிரிசாமி முகம் சுளித்தது தெரிந்தது. மேற்குப் பாதி கெட்டியாக இருந்தது. கிழக்கே போகப் போகக் கால் குளிர்ந்தது. பிறகு கணுக்கால் இறங்கியது. பக்கத்து வயலில் பிந்தி நட்ட பயிர். அதற்குக் கட்டிய தண்ணீர் வரப்புக்கு அடியால் ஊறி வந்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. திரும்பி வந்து, மேற்குப் பாதியை மட்டும் அறுக்கிறேன், கிழக்கே வண்டி இறக்கமாட்டேன் என்றேன். "மேகத்தப் பாருங்கண்ணே! இந்நேரத்துல பாதி வயல விட்டா நான் எங்க போவேன்?" என்று வசந்தா அழுகிற குரலில் கேட்டாள். பக்கிரிசாமி என் காதருகே வந்து பல்லைக் கடித்தார்: "வாங்க வந்தவரு முன்னாடி வண்டிக்கு வக்கில்லன்னு காட்டுறியா? எறக்குடா." மகள் முகம் கண்ணில் வந்தது. ஆனால் வயிற்றின் கலக்கம் அடங்கவில்லை. அடங்காமல் ஏறக்கூடாது. நான் அஞ்சலையைப் பார்த்துக் கேட்டேன், வீட்டில் இன்னும் அருவாள் இருக்கிறதா என்று. "அருவாள எவளாவது தூக்கிப் போடுவாளா?" என்றாள். வசந்தா கூலியாக நெல் தருவதாகச் சொன்னாள். பெண்கள் ஓடிப்போய் அருவாளோடு வந்தார்கள்.

நான் மேற்கை அறுத்து முடிப்பதற்குள் அவர்கள் கிழக்கை அறுத்துக் கட்டுக்கட்டாகக் கெட்டியான தரைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டியை அங்கேயே நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டேன். ஒவ்வொரு கட்டாக வாங்கிக் கை படாத தூரத்திலிருந்து முன்பக்கத்தில் கொடுத்தோம். அது கதிரடித்துத் தள்ளியது. மழை விழுந்தபோது ஒரு மூலை மட்டும் மிச்சம் நின்றது. மற்றதெல்லாம் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. நான் இறக்கியிருந்தால் வண்டி புதைந்திருக்குமா என்று இன்றுவரை தெரியாது. முன்னால் பயப்படுவதில் அது ஒரு தொல்லை, பயம் சரியா என்று கடைசிவரை தெரிவதில்லை. பக்கிரிசாமி என் பக்கமே திரும்பவில்லை. குமரேசனை வைத்துக்கொள்வது அவர் எப்போதோ முடிவு செய்தது; அன்றைக்கு வியாபாரமும் கெட்டுவிட்டது என்று நினைத்தார். திருப்பனந்தாள்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு பக்கிரிசாமியிடம் சொன்னார்: "வண்டி எப்படி ஓடும்னு எல்லாரும்தான் காட்டுறாங்க. எங்க ஓட்டக்கூடாதுன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன். இவரையும் சேத்து அனுப்புறதா இருந்தா வண்டிய எடுத்துக்கிறேன்."

வழியனுப்பியது

திருப்பனந்தாளுக்கு வண்டியை லாரியில் ஏற்றிய அன்று குமரேசன் வந்திருந்தான். சங்கிலி சரியாக இருக்கிறதா என்று நான் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நான் பார்த்த பிறகு அவனும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். அவனுக்கு அதுதான் பிரிவு சொல்கிற முறை. பிற்பாடு மகள் படிப்பை முடித்தாள். மலர்க்கொடி அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை.

அன்று லாரி கிளம்புமுன் அஞ்சலையும் சாக்குப் பையோடு வந்து நின்றாள். அந்த மாசியில் மிச்சமிருந்த சில வயல்களை நான்தான் அறுத்தேன். அவள் கூட்டம் என் பின்னால் வந்து, ஒரு சுற்று பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வேறு யாரோ ஒருவரின் டயர் வண்டிக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. போய்வருகிறேன் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்: "போயிட்டு வாங்கண்ணே. அந்தப் பயந்தாங்கொள்ளிகூடச் சேந்து நீங்களும் கெட்டுப்போயிட்டீங்க. இனி நீங்க இங்க இருந்தும் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

நல்ல டிரைவருக்கும் சுமாரான டிரைவருக்கும் பயத்தின் அளவில் எந்த வித்தியாசமும் நான் பார்க்கவில்லை. ஒருவன் வரப்பிலேயே பயந்து முடித்துவிடுகிறான், மற்றவன் பயத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தூங்குகிறான், வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாதபோதுதான் முதலாமவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரிகிறது.